கார் ஸ்பீக்கர் புராணமும் ஜே.சி. ரோடும்

பெங்களூரில் பத்து வருஷம் குப்பை கொட்டிய எந்தத் தமிழ்க் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் தமிழ் பேசும் நேரத்தைவிடக் காரில் தமிழ் கேட்கும் நேரம் அதிகம் என்பார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலம், விளையாடும் இடத்தில் கன்னடமும் இந்தியும். வீட்டுக்கு வந்தால் ஹோம்வொர்க், டியூஷன். சில்க் போர்டு சிக்னலில் வண்டி நகராமல் நிற்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் தமிழுக்கு மிச்சம். பழைய பாட்டு, பட்டிமன்றம், சொற்பொழிவு, கதை என்று எது போட்டாலும் பின் சீட்டில் இருப்பவர்கள் எழுந்து ஓட முடியாது :)

அதனால் எங்கள் வீட்டில் கார் ஸ்பீக்கர் என்பது சம்பளம் வாங்காத தமிழ் வாத்தியார். அந்த வாத்தியாருக்கு வயசாகிவிட்டது. வண்டி 2006 மாடல். ஸ்பீக்கரும் அதே வயசு. போன மாசம் ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு பாட்டில் வந்த "மழை"யை "மலை" என்று எடுத்துக்கொண்டு அர்த்தம் கேட்டாள். "இவளுக்கு ழகரம் வரலையா, காதுல விழலையா?" என்று தங்கமணி கேட்டார்கள். வீட்டில் ஹெட்போனில் போட்டுக் காட்டியதும் சரியாகச் சொல்லிவிட்டாள். ஆக, கோளாறு பிள்ளையிடம் இல்லை, கார்க் கதவில்.

ஸ்பீக்கரை மாற்றுவது என்று முடிவானது. இது ஒரு மணி நேர வேலை. ஆனால் காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எதை வாங்கினாலும் அதன் பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். அப்படிப் புரட்டியதுதான் இந்தப் பதிவு.

ரேடியோ காரில் ஏறிய கதை

இன்று நாம் வாங்கும் ஸ்பீக்கரின் அமைப்பு 1925ல் வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் அதை வெளியிட்டார்கள். ஒரு காந்தம், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. பாட்டு மின்சாரமாக வந்து சுருளை முன்னும் பின்னும் ஆட்டும். கூம்பு காற்றைத் தள்ளும். காற்று நம் காதைத் தட்டும். அவ்வளவுதான். நூறு வருஷத்தில் காந்தம் மாறியது, காகிதம் மாறியது, பசை மாறியது. அடிப்படை அப்படியே இருக்கிறது.

காரில் அதை முதலில் வெற்றிகரமாக விற்றவர் சிகாகோவின் பால் கால்வின். அவருடைய கம்பெனி 1930ல் ஒரு கார் ரேடியோவைக் கொண்டுவந்து மோட்டோரோலா என்று பெயர் வைத்தது. பிற்காலத்தில் செல்போன் விற்ற அதே மோட்டோரோலாதான். விலை 110 முதல் 130 டாலர். அந்தக் காலத்துச் சாதாரணக் கார் ஒன்றின் விலையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு! ஐரோப்பாவில் ஜெர்மனியின் பிளௌபுங்க்ட் 1932ல் கார் ரேடியோ கொண்டுவந்தது.

அப்போதெல்லாம் வால்வு ரேடியோ. வால்வுக்கு உயர் மின்னழுத்தம் வேண்டும், கார் பேட்டரியோ சில வோல்ட்தான் தரும். அதை ஏற்றிக்கொடுக்க டப்பாவுக்குள் வைப்ரேட்டர் என்று ஒரு சாதனம் 'ர்ர்ர்' என்று உறுமிக்கொண்டே இருக்கும். 1955ல் கிரைஸ்லர் கார்களில் முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன ரேடியோ வந்தது. உறுமலும் சூடும் போயின, பேட்டரியும் பிழைத்தது.

நம் ஊரில் லைசென்ஸும் கேசட்டும்

நம் நாட்டில் 1933ல் வந்த சட்டப்படி ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் வருஷாவருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பெட்டி வரவேற்பறையில் இருந்தாலும் காரில் இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். 1980களில்தான் இந்த லைசென்ஸ் ஒழிந்தது. காரே ஆடம்பரம், அதில் ரேடியோ இன்னும் ஆடம்பரம் என்பதுதான் அரசாங்கத்தின் பார்வை. அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ, பெரும்பாலும் பாட்டு இல்லாமல்தான் ஆலையை விட்டு வெளியே வந்தன.

என் பெரியப்பா திருநெல்வேலியில் ஓட்டிய அம்பாசடரில் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரே ஒரு ஸ்பீக்கர். வலது இடது என்ற பேச்சே கிடையாது. 1963ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையமும், கடல் தாண்டி வரும் இலங்கை வானொலியும் அதில் கேட்கும். மதுரைப் பக்கம் போகப் போக இலங்கை மெலிந்துகொண்டே வரும். "சிலோன் போயிருச்சுடே" என்பார் பெரியப்பா, ஏதோ பஸ்ஸை விட்டுவிட்ட மாதிரி.

இங்கேதான் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. ரேடியோ ஊருக்குச் சொந்தம். ஊர் எல்லை தாண்டினால் நம்மை விட்டுவிடும். வெளியூருக்குப் பிழைக்கப் போனவனுக்கு ரேடியோவால் பெரிய உபயோகம் இல்லை. அவனுக்கு உண்மையான விடுதலை கொடுத்தது கேசட்.

ஹாலந்தின் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை 1963ல் அறிமுகம் செய்தது. 1968ல் காருக்கான கேசட் பிளேயரும் வந்தது. நம் வீதிகளுக்கு அது பெருவாரியாக வந்து சேர்ந்தது 1980களில். சிங்கப்பூர் சித்தப்பாவோ துபாய் மச்சானோ கொண்டுவந்த செட், இல்லாவிட்டால் சென்னை பர்மா பஜார். இளையராஜா பாட்டுகளை எக்கோ கம்பெனி கேசட்டாக வெளியிட்ட காலம் அது. ஓசூர் தாண்டி கர்நாடகத்துக்குள் நுழைந்தாலும், பம்பாய்க்கே போனாலும், பாட்டு கூடவே வரும். புலம்பெயர்ந்த தமிழன் காருக்குள் ஒரு துண்டுத் தமிழ்நாட்டை வைத்துக்கொண்டது அந்த நாலு இஞ்ச் டப்பாவால்தான். இன்றைய பென் டிரைவும் போனும் அதன் பேரப்பிள்ளைகள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நடுத்தர வர்க்கத்துக்குக் கார் எட்டியது. ஆனாலும் பாட்டு மட்டும் தனிக் கணக்கு. ஏன்? இதற்குப் பதில் எங்கள் பேங்கின் கார் லோன் கோப்புகளிலேயே இருக்கிறது. ஆலையிலேயே செட் பொருத்தினால் அதன் விலை காரின் விலையோடு சேரும். சேர்ந்த விலைக்கு எக்சைஸ், அதன் மேல் விற்பனை வரி, அதற்கும் மேல் மாநிலத்தின் சாலை வரி. கர்நாடகத்தில் ஆயுள்கால வரி என்பது வண்டியின் விலையில் இத்தனை சதவீதம் என்றுதான் கணக்கு. வெளியில் போட்டுக்கொண்டால் இந்த அடுக்கு வரி மிச்சம். ஆகவே வாங்குபவர் வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஒரு தெருவுக்குப் போவார்.

பெங்களூரில் அந்தத் தெரு, ஜே.சி. ரோடு.

மகாராஜா பெயரில் ஒரு பாட்டுத் தெரு

டவுன் ஹால் பக்கம் தொடங்கி மினர்வா சர்க்கிள் நோக்கிப் போகும் சாலை. கார் உதிரி பாகம், சீட் கவர், கண்ணாடி ஃபிலிம், மியூசிக் சிஸ்டம் எல்லாம் வரிசையாக. பக்கத்திலேயே எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்குப் பேர்போன எஸ்.பி. ரோடு. கடைக்காரர்கள் ஒரே வாக்கியத்தில் கன்னடம், உருது, தமிழ், தெலுங்கு நான்கையும் பேசுவார்கள்.

ஜே.சி. என்றால் ஜெயச்சாமராஜேந்திரா. மைசூரின் கடைசி மகாராஜா ஜெயச்சாமராஜ உடையார். இவர் பெயரில் ஸ்பீக்கர் தெரு அமைந்தது தற்செயல்தான், ஆனால் இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. கர்நாடக இசையில் 94 கீர்த்தனைகள் இயற்றியவர் அவர். மேற்கத்திய இசையிலும் ஆழ்ந்த பிடிப்பு. நிக்கோலாய் மெட்னர் என்ற ருஷ்ய இசையமைப்பாளர் லண்டனில் வயதாகி, அதிகம் கவனிப்பாரின்றி இருந்தபோது, அவருடைய படைப்புகளை இசைத்தட்டுகளாகப் பதிவு செய்யப் பணம் கொடுத்தவர் நம் மைசூர் மகாராஜா. 1940களின் கடைசியில் எச்.எம்.வி. அவற்றைப் பதிவு செய்தது. மெட்னர் தம் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மகாராஜாவுக்கே அர்ப்பணித்தார். இந்தத் தெருவில் 'தும் தும்' என்று கண்ணாடி அதிர பேஸ் டெஸ்ட் செய்பவர்களுக்கு இது தெரிந்தால் என்ன சொல்வார்களோ!

மைசூருக்கும் ஒலிக்கும் இன்னும் ஓர் உறவு உண்டு. 1935ல் மைசூர்ப் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி தம் வீட்டிலேயே ஒரு சின்ன வானொலி நிலையம் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் 'ஆகாசவாணி'. அந்தப் பெயர்தான் பின்னால் நாடு முழுவதற்கும் போனது. பெங்களூர் ஜாலஹள்ளியில் 1954ல் உருவான பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1960களில் வால்வும் டிரான்சிஸ்டரும் தயாரித்தது. 2001 ஜூலை 3 அன்று நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். நிலையமான ரேடியோ சிட்டி ஒலிபரப்பைத் தொடங்கியதும் இதே ஊரில்தான். அதற்கப்புறம் ஜே.சி. ரோட்டில் செட்டுக்கு வந்த கிராக்கியைச் சொல்லவா வேண்டும்.

ஸ்பீக்கர் ஏன் சாகிறது

எங்கள் வண்டியின் கதவைக் கழற்றினார் கடையில் வேலை பார்க்கும் தம்பி. கிருஷ்ணகிரிக்காரர். கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் தொட்டார், அது பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"அண்ணா, ஃபோம் போயிடுச்சு. பதினஞ்சு வருஷம் ஓடுனதே பெருசு."

கூம்பையும் சட்டத்தையும் இணைக்கும் அந்த வளையம் பல ஸ்பீக்கர்களில் பாலியூரித்தேன் ஃபோமால் ஆனது. ஈரப்பதமும் சூடும் சேர்ந்து அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். பத்து முதல் இருபது வருஷம்தான் அதன் ஆயுள். ரப்பர் வளையம் இன்னும் நீண்ட நாள் வரும். கூம்பிலும் இதே கதைதான். காகிதக் கூம்புக்கு ஈரம் எதிரி. 1970களில் இங்கிலாந்தின் பி.பி.சி. ஆய்வுப் பிரிவில் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் கூம்பு செய்து பார்த்தார்கள். மழைத் தண்ணீர் இறங்கும் கார்க் கதவுக்கு அது நன்றாகப் பொருந்திவிட்டது.

காந்தத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அந்தக் காலத்தில் அல்னிகோ என்ற உலோகக் கலவை. அதில் கோபால்ட் சேரும். 1978ல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் (இன்றைய காங்கோ) நடந்த சண்டையில் கோபால்ட் விலை தாறுமாறாக ஏறியது. ஸ்பீக்கர் கம்பெனிகள் கூட்டமாகக் கறுப்பு ஃபெரைட் காந்தத்துக்கு மாறின. எங்கோ நடந்த சுரங்கச் சண்டை நம் கதவுக்குள் இருக்கும் கறுப்பு வட்டத்தைத் தீர்மானித்திருக்கிறது. 1980களில் நியோடிமியம் காந்தம் வந்தது. சிறியது, பலம் அதிகம், விலையும் அதிகம்.

வாட்ஸ் என்னும் வட்டி விகிதம்

இனி வாங்கும் படலம். டப்பாவில் பெரிய எழுத்தில் 300 வாட்ஸ் என்று போட்டிருக்கும். இதைப் படிக்கும்போது என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. லோனுக்கு ஃபிளாட் ரேட் என்று ஒன்று சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும், உண்மையான வட்டி வேறு. ஸ்பீக்கரில் பீக் பவர், பி.எம்.பி.ஓ. என்பதெல்லாம் அந்த ஃபிளாட் ரேட் ஜாதி. ஆர்.எம்.எஸ். என்று சின்ன எழுத்தில் இருப்பதுதான் உண்மையான கணக்கு.

வேண்டுமானால் நீங்களே போட்டுப் பாருங்கள். வண்டி ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரின் மின்தடை பொதுவாக 4 ஓம். செட்டுக்குள் இருக்கும் சாதாரண ஆம்ப்ளிஃபையர் முழு மூச்சில் தரக்கூடியது 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 26 வாட்ஸ். அதுவும் ஏட்டுக் கணக்கு, நடைமுறையில் இன்னும் குறையும். செட்டின் முகத்தில் 50x4 என்று எழுதியிருப்பது விளம்பரம். வீட்டு ஸ்பீக்கர் பலதும் 8 ஓமாக இருக்க, காரில் 4 ஓம் ஏன் வந்தது என்பதற்கும் இதுவே காரணம். குறைந்த மின்னழுத்தத்தில் அதிக சக்தி கறக்கத் தடையைக் குறைத்தார்கள்.

ஆகவே வாட்ஸைப் பார்க்காமல் சென்சிடிவிட்டியைப் பாருங்கள். 90 டெசிபல் என்று போட்ட ஸ்பீக்கர், 87 டெசிபல் ஸ்பீக்கரைவிட அதே மின்சாரத்துக்குக் கூடுதல் சத்தம் தரும். அந்த 3 டெசிபலை ஆம்ப்ளிஃபையரால் ஈடுகட்ட வேண்டுமானால் வாட்ஸ் இரண்டு மடங்காக வேண்டும். பழைய செட்டையே வைத்துக்கொண்டு ஸ்பீக்கரை மட்டும் மாற்றுகிறவர்களுக்கு இதுதான் தாரக மந்திரம்.

இன்னொரு விஷயம், நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதுதான் முக்கியம். டெலிபோனில் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும், ஆனாலும் பேச்சு புரிகிறது. மொழியின் உயிர் நடுவில் இருக்கிறது. ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் அடையாளம் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பகுதியில் கிடக்கிறது. 'தும் தும்' சத்தமோ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. அது அளவுக்கு மீறினால் நடுப்பகுதியை மூடிவிடும். டயர் சத்தமும் என்ஜின் சத்தமும் ஏற்கெனவே பாதியை மூடியிருக்கும்.

"அண்ணா, சப் ஊஃபர் ஒண்ணு போட்டுடலாமா? பின்னாடி சும்மா அதிரும்!"

"வேணாம் தம்பி. பாட்டோட வார்த்தை கேட்டா போதும்."

அவர் சிரித்தார். "வார்த்தை கேக்கணும்னு சொல்ற மொதல் கஸ்டமர் நீங்கதாண்ணா" என்றார்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

அந்தத் தம்பி வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் கற்றவை:

1. கதவின் ஒயரை வெட்ட விடாதீர்கள். பழைய ஸ்பீக்கரின் இணைப்புக்கு ஏற்ற கப்ளர் கிடைக்கும். நாளைக்கே பழையபடி மாட்ட வேண்டியிருந்தாலும் கஷ்டமில்லை.

2. ஸ்பீக்கருக்கும் கதவின் தகரத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. கூம்பின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலந்தால் கீழ்சுரம் அழிந்துபோகும். ஒரு வளையம் வைத்து இறுக்கினால் போதும்.

3. தகரத்தின் மேல் டேம்பிங் ஷீட் ஒட்டுங்கள். ஸ்பீக்கருக்குச் செலவு செய்வதில் கால் பங்கை இதற்குச் செலவு செய்தாலே வித்தியாசம் தெரியும்.

4. கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவார்கள். அது தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது. பெங்களூர் மழைக்கு அது மிக அவசியம். திரும்ப ஒட்டச் சொல்லுங்கள்.

5. பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ஒரு பக்கம் மாறினாலும் ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், பாட்டு வெளிறிப்போகும். ஒயரின் மறுமுனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால், பிளஸ் பிளஸ்ஸோடு சேர்ந்திருந்தால் கூம்பு வெளியே நகரும். சுவர்க் கடிகார பேட்டரி ஒன்று போதும்.

முன்கதவுக்கு மட்டும் ஒரு ஜோடி, ரப்பர் வளையம், பாலிபுரொப்பிலீன் கூம்பு, தனியாக இரண்டு ட்வீட்டர். பின்பக்கத்தைத் தொடவில்லை. செட்டும் பழையதே.

பழைய வண்டிக்கு இருக்கும் உரிமை

கடையை விட்டுக் கிளம்பும்முன் கடை முதலாளியிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். பெரியவர், இந்தத் தெருவிலேயே தலை நரைத்தவர். "புது வண்டியில எங்களுக்கு என்ன சார் வேலை இருக்கு? எல்லாம் ஸ்கிரீன்ல வந்துடுது" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. கார் செட்டுக்கான பள்ளம் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று ஜெர்மானியர்கள் ஒரு தரம் வகுத்தார்கள். 'டின்' சைஸ் என்று கடைகளில் சொல்வது அதைத்தான். 1980களில் அது உலகத் தரமாகவே ஆனது. எந்தக் கம்பெனிக் காரிலும் எந்தக் கம்பெனி செட்டும் உட்காரும். உலகத்தில் ஜே.சி. ரோடு மாதிரி உள்ள ஒவ்வொரு தெருவும் பிழைத்தது அந்த 180க்கு 50 பள்ளத்தால்தான். இன்றைய புதுக் கார்களில் திரை டேஷ்போர்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கிறது. ஏ.சி.யும் கேமராவும் அதற்குள்ளேயே. அதைக் கழற்றி வேறொன்று மாட்டுவது லேசில் நடக்காது. கெட்டுப்போனால் கம்பெனி சொல்லும் விலைதான்.

வண்டியின் விலையும் வயசும் பார்த்து லோன் மதிப்பிடும் எனக்கு இது புதுக் கணக்கு. பழைய வண்டிக்கு மதிப்பு குறைவு, ஆனால் உரிமையாளருக்கு உரிமை அதிகம். புது வண்டிக்கு மதிப்பு அதிகம், உரிமை குறைவு. எங்கள் பேரேட்டில் இதற்கு ஒரு பத்தி கிடையாது.

நல்ல வேளையாக, ஸ்பீக்கர் மட்டும் இன்னும் அந்த வலையில் முழுசாக விழவில்லை. பெரும்பாலான கார்களில் இன்றும் கதவைத் திறந்து, நாலு திருகைக் கழற்றி, இரண்டு ஒயரை மாற்றினால் முடிந்தது. ரைஸும் கெல்லாக்கும் போட்ட வடிவம் இன்னும் தெருக்கடைத் தம்பியின் கைக்குள் அடங்குகிறது.

பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்கலாமா என்று யோசிக்கும்முன், பிள்ளைகளைப் பின் சீட்டில் உட்கார வைத்து, என்ஜின் ஓடும்போது நல்ல தமிழில் ஒரு சொற்பொழிவு போடுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து நிறுத்திவிட்டு, என்ன கேட்டது என்று சொல்லச் சொல்லுங்கள். வார்த்தை தெளிவாக வந்தால் ஸ்பீக்கருக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. வராவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்யுங்கள். தங்கமணியின் கேள்விக்கு நான் பதில் சொன்ன மாதிரி நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லலாம்: பிள்ளைக்குத் தமிழ் வரும், முதலில் அது காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.